மைனஸ் 3 முதல் 3 வரை போட்டும் பரவளையம் ஏன் வரவில்லை?

ஆரியங்காவிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகன் செங்கோட்டையில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஒய் = எக்ஸ்² − 8எக்ஸ் + 12 என்ற இருபடிச் சார்புக்கு எக்ஸின் மதிப்பாக −3 முதல் 3 வரை ஏழு எண்களைப் போட்டு அட்டவணை எழுதினான். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் கிராஃப் ஷீட்டில் பரவளையம் என்ற கிண்ண வடிவ வளைவு வராமல், வந்து விழுந்தது மேலேயிருந்து சரிந்து இறங்கும் ஒற்றைக் கோடுதான். அப்படியானால் எத்தனை புள்ளி வைக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி. புனலூர்ப் பக்கம் போகும்போது அங்குள்ள தொங்குபாலமும் பரவளையமா என்று பையன் கேட்பதையும், ‘இதைக் கொண்டு தீர்க்க’ என்று வரும் இரண்டாம் பகுதி அவனுக்குப் பிடிபடவில்லை என்பதையும் கூடவே எழுதியிருக்கிறீர்கள். எத்தனை புள்ளி என்று நீங்கள் கேட்டாலும், இங்கே சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. எந்தப் புள்ளிகள் என்பதில்தான் இருக்கிறது. (தமிழ் விசைப்பலகையில் தட்டுவதால் எக்ஸ், ஒய், ஏ, பி, சி என்றே எழுதுகிறேன். தாளில் வழக்கமான எழுத்துகளையே போடட்டும்.)

−3 முதல் 3 வரை என்பது விதி அல்ல, பழக்கம். வகுப்பில் முதலில் வரைவது ஒய் = எக்ஸ்². அதன் சமச்சீர் அச்சு, அதாவது வளைவை ஒத்த இரு பாதிகளாகப் பிரிக்கும் கோடு, ஒய் அச்சின் மேலேயே விழுகிறது, அதனால் பூஜ்ஜியத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று எண் எடுத்தால் கச்சிதமாக அமைகிறது. எக்ஸ் உறுப்பு ஒன்று சேர்ந்தவுடன் அச்சு நகர்ந்துவிடும். ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி என்றால் அச்சு இருக்கும் இடம் எக்ஸ் = −பி/2ஏ. உங்கள் மகனின் கணக்கில் அது 8/2, அதாவது 4. அவன் எடுத்த ஏழு எண்களும் 4-க்கு இடப்பக்கமே நின்றுவிட்டன. அவனுக்குக் கிடைத்த 45, 32, 21, 12, 5, 0, −3 எல்லாமே சரியான மதிப்புகள், ஆனால் வளைவு திரும்பும் இடத்தை அட்டவணை எட்டவே இல்லை.

சூத்திரம் மறந்துபோனால் இன்னொரு வழி உண்டு, எனக்கு அதுவே பிடித்தது. எக்ஸ் = 0 என்றால் ஒய் = 12. வேறு எந்த எக்ஸுக்கு மறுபடியும் 12 வரும்? எக்ஸ்² − 8எக்ஸ் பூஜ்ஜியமாக வேண்டும்; எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்தால் எக்ஸ் = 0 அல்லது எக்ஸ் = 8. ஒரே உயரத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நட்டநடுவில்தான் அச்சு இருக்க முடியும், ஆகவே 4. −பி/2ஏ பிறந்ததும் இப்படித்தான். இதைப் புரிந்துகொண்ட பையன் சூத்திரத்தில் மைனஸை விட்டுவிட்டு −4 என்று எழுத மாட்டான்.

அச்சு தெரிந்தபின் அட்டவணையை 4-ஐ நடுவில் வைத்து எழுதவேண்டும். எக்ஸ் 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8 என்று போனால் ஒய் 12, 5, 0, −3, −4, −3, 0, 5, 12 என்று வரும். வளைவு திரும்பும் புள்ளியான முனை (4, −4). இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றாக இருக்கின்றன. இப்படி வராவிட்டால் எங்கோ தவறு என்று வரையும் முன்பே தெரிந்துவிடும். எத்தனை புள்ளி என்பதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. முனை ஒன்று, அதற்கு இருபுறமும் மூன்று, ஆக ஏழு இருந்தால் கையால் வரையத் தாராளம். கணித அளவில் பார்த்தால், இருபடிச் சார்பு என்று முன்பே தெரிந்திருக்கும்போது எக்ஸ் வேறுபடும் மூன்று புள்ளிகளே அதை முழுவதும் தீர்மானித்துவிடும். இதில் ஐயமே இல்லை. மற்ற நான்கும் பென்சில் வழி தவறாமல் இருப்பதற்காக.

அட்டவணையைச் சோதிக்க ஒரு நல்ல கருவி வித்தியாசங்கள். அடுத்தடுத்த ஒய் மதிப்புகளைக் கழித்தால் −7, −5, −3, −1, 1, 3, 5, 7. அவற்றையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் எல்லாமே 2. எக்ஸ் ஒன்று ஒன்றாகக் கூடும்போது இந்த இரண்டாம் வித்தியாசம் எப்போதும் 2ஏ-தான். எக்ஸ்²-இன் கெழு 3 என்றால் 6, −1 என்றால் −2. ஒரே ஒரு மதிப்பு தவறினாலும் இது காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸ் = 3-க்கு −3 என்பதற்குப் பதில் பையன் 3 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் வித்தியாசங்கள் 2, 8, −10, 8, 2, 2, 2 என்று வரும். மூன்று இடங்கள் கெட்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் −10 எந்த எக்ஸுக்கு நேராக நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பிழையின் அளவுகூடத் தெரியும்: இரு ஓரங்களும் 6 கூடியிருக்கின்றன, நடு 12 குறைந்திருக்கிறது, ஆகவே அந்த மதிப்பில் 6 அதிகமாகிவிட்டது. அட்டவணையின் முதல் மதிப்போ கடைசி மதிப்போ தவறினால் மட்டும் ஒரே ஒரு வித்தியாசம்தான் கெடும்.

இன்னொரு வகைத் தவறு ஒரே சீராக வரும். குறை எண்ணை வர்க்கம் செய்யும்போது (−3)² = −9 என்று எழுதுவதுதான் பத்தாம் வகுப்பில் நான் அறிந்த மிகப் பெரிய தொல்லை. சயின்டிஃபிக் கால்குலேட்டரும் இதற்குத் துணைபோகிறது. அடைப்புக்குறி போடாமல் −3² என்று அழுத்தினால் பெரும்பாலானவை −9 என்றே காட்டும், ஏனென்றால் அவை முதலில் வர்க்கம் செய்துவிட்டுப் பிறகுதான் மைனஸைச் சேர்க்கின்றன. எல்லாக் குறை எண்களுக்கும் இப்படியே செய்தால் −3, −2, −1-க்கு 45, 32, 21 வராமல் 27, 24, 19 வரும். இடப்பக்கம் இரண்டாம் வித்தியாசம் −2, வலப்பக்கம் 2, பூஜ்ஜியத்தில் 0. கிராஃபில் இது ஒய் அச்சைத் தாண்டும் இடத்தில் வளைவு எதிர்ப்பக்கம் குனிவதாகத் தெரியும். பரவளையம் ஒருபோதும் குனிவை மாற்றாது. ஒய் அச்சில் அப்படி ஒன்று தெரிந்தால் முதலில் குறிப் பிழையைத்தான் சந்தேகிக்கவேண்டும். ஆனால் கேள்வியில் உள்ள 8-ஐ 6 என்று பார்த்து எழுதி, அதன்பின் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கணக்கிட்டால் இந்தச் சோதனை பிடிக்காது, அதுவும் ஒரு முறையான இருபடிச் சார்புதானே. அதற்குக் காரணிப்படுத்திப் பார்ப்பதே வழி: பெருக்கினால் 12, கூட்டினால் 8 வரும் எண்கள் 2-ம் 6-ம், அட்டவணையிலும் அங்கேதான் பூஜ்ஜியம் இருக்கவேண்டும்.

முனை கிடைத்துவிட்டால் அட்டவணைகூட இல்லாமல் புள்ளி வைக்கலாம். (4, −4)-இலிருந்து வலப்பக்கம் ஒரு அலகு போய் 1 ஏறு, அடுத்த அலகுக்கு 3 ஏறு, அதற்கடுத்து 5, பிறகு 7. இடப்பக்கமும் அதே. ஏ = 2 என்றால் 2, 6, 10, 14. ஏ குறை எண் என்றால் ஏறுவதற்குப் பதில் இறங்கவேண்டும். கீழே விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இருப்பதாகக் கலிலியோ கண்டதும் இதே ஒற்றைப்படை எண்கள்தான். தேர்வில் அட்டவணை எழுதியாக வேண்டும், எனவே இதை விடையாகக் காட்ட வேண்டாம். வைத்த புள்ளிகளைச் சரிபார்க்க ஒரு நிமிடம் போதும்.

அச்சு முழு எண்ணில் விழாதபோது கொஞ்சம் கவனம் தேவை. எக்ஸ்² − 9எக்ஸ் + 20-க்கு அச்சு 4.5. முழு எண்களை மட்டும் போட்டால் 4-லும் 5-லும் ஒய் பூஜ்ஜியம். பிள்ளைகள் இந்த இரண்டையும் எக்ஸ் அச்சு மேலேயே கோடு இழுத்துச் சேர்த்துவிடுவார்கள், வளைவின் அடிப்பாகம் ஸ்கேல் வைத்துத் தட்டிய மாதிரி ஆகிவிடும். 4.5-ஐயும் அட்டவணையில் சேர்த்தால் ஒய் = −0.25. ஒரு செ.மீ.க்கு ஒரு அலகு என்ற அளவில் அது எக்ஸ் அச்சுக்குக் கீழே இரண்டரை மில்லிமீட்டர். சின்னப் பள்ளம்தான், ஆனால் இரண்டு வேறு மூலங்கள் (ஒய் பூஜ்ஜியமாகும் எக்ஸ் மதிப்புகள்) இருக்கின்றன என்பதைக் காட்டுவதே அந்தப் பள்ளம். இங்கே ஏறும் வரிசை ஒற்றைப்படையாக இருக்காது. 5-லிருந்து தொடங்கி 2, 4, 6 என்று ஏறும்.

அளவுத்திட்டம் அட்டவணைக்குப் பிறகுதான் முடிவாகவேண்டும், முன்பே அல்ல. சரியான புள்ளிகளை எடுத்தால் ஒய் −4-லிருந்து 12 வரை, மொத்தம் 16 அலகு. இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு என்றே தாளில் அடங்கும். பையனின் பழைய அட்டவணையில் 45 வரை போகிறது, அதை அடக்க 1 செ.மீ. = 5 அலகு என்று வைத்தாக வேண்டும், அப்போது முனையின் ஆழமான 4 அலகு வெறும் 8 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பார்க்கவேண்டிய இடம் நசுங்கி, பார்க்கவேண்டாத இடம் தாளை அடைத்துக்கொள்ளும். ஆதிப்புள்ளியைத் தாளின் நடுவில்தான் வைக்கவேண்டும் என்றும் கட்டாயமில்லை. இந்தக் கணக்குக்கு ஒய் அச்சு இடது ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளியும், எக்ஸ் அச்சு கீழிருந்து 6 செ.மீ. மேலேயும் இருந்தால் நன்றாக அமையும். எந்த அளவு எடுத்தாலும் மேல் மூலையில் இரண்டு அச்சுக்கும் தனித்தனியே எழுதிவிடச் சொல்லுங்கள். வளைவு ஒடுங்கியிருக்கிறது, விரிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவுகட்டவும் கூடாது, அளவை மாற்றினால் அது மாறிவிடும்.

புள்ளிகளைச் சேர்ப்பதில் ஒரே விதி: ஸ்கேல் தொடவே கூடாது. எவ்வளவுதான் வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று பையன் கேட்டால் கணக்காகவே சொல்லலாம். எக்ஸில் ஒரு அலகு தள்ளியுள்ள இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் சேர்த்தால், நடுவில் அந்தக் கோடு வளைவிலிருந்து, மேல்-கீழாக அளந்தால், சரியாக ஏ/4 அலகு விலகியிருக்கும். இதில் அழகு என்னவென்றால் வளைவின் எந்த இடத்திலும் இந்த விலகல் ஒன்றேதான். செங்குத்தாக ஏறும் பக்கத்தில் நேர்கோடு போலத்தானே இருக்கிறது என்று தோன்றும், அங்கேயும் அதே கால் அலகுதான், நம் அளவில் இரண்டரை மி.மீ. கண்ணுக்குத் தெரியும் தூரம் அது. கூராகச் சீவிய ஹெச்பி பென்சிலால் முதலில் அடிப்பாகத்தை, 3-லிருந்து 4 வழியாக 5 வரை, ஒரே இழுப்பில் வரையட்டும். பிறகு ஒவ்வொரு பக்கமாக மேலே. மணிக்கட்டு வளைவின் உட்புறத்தில் இருக்கும்படி தாளைத் திருப்பிக்கொண்டால் கை தானாகவே வட்டமாகப் போகும். மேல்நோக்கித் திறந்த வளைவுக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்புவது பலருக்கு எளிது. முனை ஊசிபோல் கூராகக் கூடாது, தட்டையாகவும் கூடாது. வளைவின் இரண்டு நுனிகளிலும் அம்புக்குறி போடவேண்டும், ஏனென்றால் வளைவு கடைசிப் புள்ளியோடு முடிவதில்லை.

இனி பாலம். கல்லடா ஆற்றின் மேல் 1877-இல் கட்டி முடித்த புனலூர்த் தொங்குபாலத்தில் தூண்களுக்கு இடையே தொங்கும் சங்கிலியைத்தான் அவன் கேட்கிறான் என்று எடுத்துக்கொள்கிறேன். கோட்பாட்டளவில் உறுதியான செய்தி இது: சங்கிலி தன் எடையால் மட்டும் தொங்கினால் அது பரவளையம் அல்ல. பரவளையமாக இருக்க முடியாது என்று ஹைகன்ஸ் 1646-இல் தன் பதினேழாவது வயதில் காட்டினார். அதன் சரியான வளைவை 1691-இல் லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் கண்டுபிடித்தனர். ஆனால் சங்கிலியின் எடையைவிட அது தாங்கும் தளத்தின் எடை மிக அதிகமாக இருந்து, அந்த எடை கிடைமட்டத்தில் சீராகப் பரவியிருந்தால் வளைவு பரவளையம்தான். நிஜப் பாலம் எதுவும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும், பெரும்பாலும் பரவளையத்துக்கு மிகப் பக்கத்தில். கழுதுருட்டி பக்கத்துப் பதிமூன்று கண் ரயில் பாலத்தின் கல் வளைவுகளை இதோடு சேர்க்க வேண்டாம். அவை உருண்டையான வளைவுகள். வளைந்ததெல்லாம் பரவளையம் ஆகிவிடாது.

அவனே சோதித்துப் பார்க்க விரும்பினால் பாலத்துக்கு நேர் எதிரே நின்று போட்டோ எடுத்து, பெரிதாக அச்சிட்டு, சம இடைவெளியில் சங்கிலியின் உயரங்களை அளந்து இரண்டாம் வித்தியாசம் எடுக்கலாம். சாய்வாக எடுத்த படம் உதவாது, அதில் வளைவின் உருவமே மாறிவிடும். ஒவ்வொரு அளவிலும் அரை மி.மீ. பிசகு வரும் என்று வைத்தால்கூட இரண்டாம் வித்தியாசத்தில் அது 2 மி.மீ. வரை வளர்ந்துவிடும், ஏனென்றால் நடு அளவு அதில் இரண்டு முறை சேர்கிறது. அதனால் இடைவெளிகளை அகலமாக வைத்து, வித்தியாசம் 10 மி.மீ.க்கு மேல் வரும்படி எடுக்கவேண்டும். இப்படிக் கிடைக்கும் விடை பரவளையத்தோடு ஒத்துப்போகிறது என்பதுவரை சொல்லும். பரவளையமா, தானாகத் தொங்கும் சங்கிலியின் வளைவா என்று பிரித்துச் சொல்லும் துல்லியம் இந்த முறைக்குக் கிடையாது. தொய்வு குறைவாக இருக்கும்போது இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும்.

கிராஃபிலிருந்து மூலங்களைப் படிப்பதற்கும் இதே மாதிரி எல்லை உண்டு. எக்ஸ்² − 2எக்ஸ் − 5-க்கு மூலங்கள் ஏறக்குறைய 3.45-ம் −1.45-ம். 1 செ.மீ. = 1 அலகில் ஒரு சின்னக் கட்டம் 0.1, எனவே 3.4 என்றோ 3.5 என்றோ படித்தால் சரி, 3.449 என்று எழுதினால் அது தாளிலிருந்து வந்ததல்ல. வளைவு எக்ஸ் அச்சைத் தொடுகிறதா வெட்டுகிறதா என்பதில் இன்னும் நுட்பம். எக்ஸ்² − 4எக்ஸ் + 3.99 அச்சை 1.9-லும் 2.1-லும் வெட்டும், கடைசி எண் 4.01 ஆனால் அச்சைத் தொடாமலே மேலே நின்றுவிடும். இரண்டின் முனைகளும் அச்சிலிருந்து 0.1 மி.மீ. தள்ளித்தான் இருக்கின்றன, பென்சில் கோடே அதைவிடத் தடிமன். அங்கே தன்மைக்காட்டி பி² − 4ஏசி மட்டுமே தீர்ப்புச் சொல்ல முடியும்: முதலாவதுக்கு 0.04, மிகை எண், அதனால் வெட்டும்; இரண்டாவதுக்கு −0.04, குறை எண், அதனால் தொடாது. பாடப்புத்தகக் கணக்குகள் இவ்வளவு விஷமமாக இருக்காது, என்றாலும் மூலங்களின் தன்மையை எழுதும்போது தன்மைக்காட்டியைப் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ‘இதைக் கொண்டு தீர்க்க’. எட்டு மதிப்பெண் கேள்வியில் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான், விஷயம் என்னவோ சின்னது. ஒய் = எக்ஸ்² − 8எக்ஸ் + 12 வரைந்தாகிவிட்டது, அதைக் கொண்டு எக்ஸ்² − 7எக்ஸ் + 10 = 0-வைத் தீர்க்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். மேலே ஒய் உள்ள சமன்பாடு, கீழே 0 உள்ள சமன்பாடு; கழித்தால் வர்க்க உறுப்பு மறைந்து ஒய் = −எக்ஸ் + 2 என்ற நேர்கோடு கிடைக்கும். கீழ்வரியின் எல்லாக் குறிகளையும் மாற்றவேண்டும், −7எக்ஸ் +7எக்ஸ் ஆகும், +10 −10 ஆகும். பெரும்பாலான மதிப்பெண் இந்த ஒரு வரியில்தான் போகிறது. கழித்தபின்னும் எக்ஸ்² மிஞ்சினால் கழித்தல் தப்பு. கோட்டுக்கு (0, 2), (2, 0), (4, −2) என்று மூன்று புள்ளி எடுக்கட்டும். இரண்டு போதும், மூன்றாவது சோதனைக்கு. இந்தக் கோட்டுக்கு ஸ்கேல் கட்டாயம் வேண்டும். அது வளைவை (2, 0)-விலும் (5, −3)-லும் வெட்டும். விடை எக்ஸ் மதிப்புகளான 2, 5 மட்டும்; −3-ஐயும் தீர்வு என்று எழுதிவிடக் கூடாது. எழுதியபின் 5-ஐப் புதுச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கட்டும்: 25 − 35 + 10 = 0.